முந்திரிக் கொல்லையில் இறங்கும் மழை

ஐப்பசியிலும் கார்த்திகையிலும், விருத்தாசலத்திலிருந்து மந்தாரக்குப்பம் போகும் வழியில் உள்ள முந்திரிக் கொல்லைகளில் மழை அடித்துப் பெய்து ஓய்ந்த அரை மணி நேரத்தில் உள்ளே நடந்து போகலாம். கால் புதையாது. வண்டித் தடத்திலும் வரப்போரத்திலும் கொஞ்சம் தண்ணீர் செந்நிறமாக ஓடிக்கொண்டிருக்கும். மற்றதெல்லாம் மண்ணுக்குள் போயிருக்கும். அதே மழை தெற்கே வெள்ளாற்றங்கரைக் களிமண் வயல்களில் நாள்கணக்கில் நிற்கும். மேற்கே வேப்பூர்ப் பக்கம் அடிப்பாறை விடாததால் சரிந்து ஓடையில் சேரும். இடையில் கிடக்கும் இந்தச் செம்மண் மேட்டில்தான் அது நேராகக் கீழே இறங்குகிறது. வேரடியில் நீர் தங்கினால் முந்திரி தாங்காது. அது இங்கே காடுகாடாகப் பரவியதற்கும், வேளாண்மைப் பல்கலைக்கழகம் முந்திரி ஆராய்ச்சிக்கு விருத்தாசலத்தில் நிலையம் வைத்து வி.ஆர்.ஐ. ரகங்களை வெளியிட்டதற்கும் இந்த வடிகால் மண்ணே அடிப்படை.

இறங்கிய நீர் எங்கே போகிறது? நெய்வேலிச் சுரங்கத்துக்கும் கடலூர்க் கரைக்கும் கோடைக் காலச் சென்னைக்கும் போகிறது. வழியில் அது கடக்கும் பாறைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். 1860களில் தென்னாற்காட்டையும் திருச்சிராப்பள்ளியையும் அளந்து எழுதிய புவியியலாளர் பிளான்ஃபோர்டின் காலத்திலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மணற்கல் என்றால் கோயில் தூண் போல ஒரே கல்லை நினைத்துக்கொள்ளக் கூடாது. மணல், களி, கூழாங்கல், இரும்பு ஏறிச் சிவந்த கட்டி, மறுபடி மணல் என்று மாறி மாறிப் படிந்த அடுக்குகள் அவை. சில இடங்களில் கையால் நெரித்தாலே உதிரும். மேற்கே இருந்த மலைகள் கரைய, அந்த மணலை ஆறுகள் கொண்டுவந்து சமவெளியிலும் கழிமுகத்திலும் கொட்டின. எவ்வளவு காலத்துக்கு முன்பு என்று அறிய விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போக வேண்டும். அங்கே இதே மணற்கல்லுக்குள் முழு மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இலேயே அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் அவை. அந்த மரங்களைப் புரட்டிப் போட்ட வெள்ளங்கள் கொட்டிய மணலில்தான் இன்றைய மழை இறங்கிக்கொண்டிருக்கிறது.

அடுக்குகள் அனைத்தும் மெல்லக் கிழக்கே சாய்ந்திருக்கின்றன. மேற்கில் அவற்றின் விளிம்பு தரைக்கு மேல் தலைகாட்டுகிறது. கிழக்கே போகப் போக அதே அடுக்கு ஆழத்துக்குப் போய், கடலடியிலும் தொடர்கிறது. விளிம்பு தலைகாட்டும் இடம் விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடு. கிழக்கே ஆழத்தில் கிடக்கும் நீருக்கெல்லாம் வாய் இது.

விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தங்கள் ஊர் மண்ணில் எத்தனை உலகங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பழமலைநாதர் கோயில் கொண்ட திருமுதுகுன்றம் இது. குன்று முதியது என்பதைப் பக்தி சொன்னதைப் போலவே புவியியலும் சொல்கிறது. மேற்கே இருக்கும் உருமாறிய கடும்பாறை நூறு கோடிக் கணக்கான ஆண்டுகள் பழையது. அதன் தோளில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலக் கடல் விட்டுப்போன படிவுகள். அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி என்று மூன்று திட்டுகளாக அந்தக் கடல் வெளித்தெரிகிறது. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்தப் பகுதியில் பொறுக்கிய சிப்பிப் புதைபடிவங்களை இலண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். அந்தக் கடலுக்கும் கிழக்கே, மேலே படிந்ததுதான் நம் மணற்கல். ஒரே வட்டத்துக்குள் மாட்டுவண்டியில் ஒரு பகலில் மூன்று யுகங்களைக் கடந்துவிடலாம்.

இப்போது நீரின் பின்னால் போவோம். முதல் சில அடிகளில் வேர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். வெயில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கடலூர் மாவட்டத்தில் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஒரு சிறு பங்குதான் ஆழத்துக்குத் தப்பிப் போகும். எவ்வளவு தப்புகிறது என்று பார்க்க ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் நெய்வேலிப் படுகையில் டிரிட்டியம் என்ற கனத்த ஹைட்ரஜனை மண்ணில் செலுத்தி, மழைக்காலம் முடிந்தபின் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்தார்கள். புது மழை மேலிருந்து தள்ள, முன்பு பெய்தது கீழே நகரும். இன்று பெய்தது இன்றே நீர்மட்டத்தைத் தொடுவதில்லை.

நீர்மட்டத்தை அடைந்தபின் பயணம் கிடைமட்டமாகத் திரும்புகிறது. மணல் மணிகளுக்கு இடையில் உள்ள இடுக்குகளே பாதை. ஓர் எளிய கணக்குப் போடலாம். ஆண்டுக்கு 5 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால் 25 கிலோமீட்டருக்கு 5,000 ஆண்டு ஆகும். 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருமுதுகுன்றத்துக் கோயிலைக் கற்றளியாக்கிய காலத்தில் மேட்டில் பெய்த மழை, அந்தக் கணக்கில், இன்னும் ஐந்தே கிலோமீட்டர்தான் போயிருக்கும். இது யாரும் மோட்டார் வைத்து இழுக்காத இயற்கை நடை.

போகும் வழியில் அதன் தலைக்கு மேல் ஒரு கூரை வருகிறது. களிமண் அடுக்குகள், அவற்றோடு பழுப்பு நிலக்கரி. களி நீரை விடாது. அடியில் அகப்பட்ட நீர் மேலே ஏற முடியாமல், மேற்கிலிருந்து வந்து சேரும் நீரின் எடையையும் தாங்கி, அழுத்தம் கூடிக்கொண்டே கிழக்கே போகிறது.

அந்தக் களியை விருத்தாசலம் நன்றாக அறியும். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலிருந்து வெட்டி எடுக்கப்படும் வெள்ளைக் களிமண் இந்த ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஒரு முக்கிய மூலப்பொருள். ஃபியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, அகல்விளக்கு, கோயில் திருவிழாக் கடைகளில் விற்கும் பொம்மை என்று அது சூளையிலிருந்து வெளிவருகிறது. செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு பாலிடெக்னிக்கே இந்த ஊரில் நடக்கிறது. களிமண்ணின் மணிகள் தட்டையானவை, மிக நுண்ணியவை. ஒன்றின் மேல் ஒன்று படுத்து இடுக்கை அடைத்துவிடும். சக்கரத்தில் அது வளைந்து கொடுப்பதும் பூமிக்குள் நீருக்கு வழிவிடாமல் அடைப்பதும் அந்த ஒரே குணத்தால். பீங்கான் ஜாடியைத் தொட்டுப் பார்க்கும் ஒவ்வொருவரும் நிலத்தடி நீரின் மூடியில் ஒரு துண்டைத் தொடுகிறார்கள்.

மூடியைத் துளைத்தால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரிக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போட்ட ஆழ்துளைகளில் நீர் தானாக மேலெழுந்து வழிந்தது. இறைக்க ஏற்றமும் வேண்டாம், கவலையும் வேண்டாம். 1880இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் அந்தப் பொங்கு கிணறுகளைப் பற்றி எழுதினார். சென்னைக்கும் இப்படி நீர் கிடைக்குமா என்பது அவர் கட்டுரையின் இன்னொரு பாதி. சென்னையின் அடியில் அந்த அமைப்பு இல்லை. ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, பொங்கு நீரின் நாட்டிலிருந்தே சென்னைக்குக் குழாய் போடப்பட்டது, அதற்கு வருகிறேன்.

நெய்வேலியின் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் பாசனத்துக்குக் கிணறு துளைத்தபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்தது. கதையைச் சொல்கிறவர்கள் கரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் தேடியது நீர், அது கிடைத்தது, கரி அதன் கூடவே வந்தது. 1940களில் புவியியல் ஆய்வுத் துறையின் கோஷ் துளையிட்டுக் கரியின் பரப்பை மதிப்பிட்டார். 1950களின் தொடக்கத்தில் மாதிரிச் சுரங்கம் வெட்டியபோது, கரியை எடுப்பதா என்ற கேள்வியைவிட அடியிலுள்ள நீரை என்ன செய்வது என்ற கேள்வியே பெரிதாக நின்றது.

அங்கே கரி அடுக்குக்கு அடியில் இருக்கும் நீர், சதுர செண்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி உந்துகிறது. ஒரு சதுர மீட்டர் என்று பார்த்தால் 60 முதல் 80 டன். ஐம்பது மீட்டருக்கும் மேல் கனமான மண் அதன் மீது அமர்ந்திருந்தவரை அந்த உந்தல் அடங்கியிருந்தது. மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்து நீர் உள்ளே பாயும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, முதலில் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துவிட்டுத்தான் கரியைத் தொட முடியும். 1956இல் சுரங்க நிறுவனம் தொடங்கியது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நீரிறைப்பு ஆரம்பித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பம்புகள் இரவும் பகலும் ஓடுகின்றன. சுரங்கம் இருக்கும்வரை அவற்றை நிறுத்த முடியாது. தமிழ்நாட்டின் மின்விளக்குகளில் ஒரு பகுதி அறுபது ஆண்டுகளாக இந்த நீரிறைப்பின் மீது எரிந்திருக்கிறது. அதைச் சாதனை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அதன் விலையும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

திருமுதுகுன்றத்தில் சுந்தரர் இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று அதை மணிமுத்தாற்றில் போட்டார், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டார் என்பது பெரியபுராணத்துச் செய்தி. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்ற பழமொழியை நாம் அறியாமைக்குச் சொல்கிறோம். இந்த ஊர் நீரைப் பொறுத்தவரை அது அப்படியே நடப்புண்மை. இங்கே மேட்டில் விட்டது வேறோர் ஊரில், வேறொரு காலத்தில் கைக்கு வருகிறது. பரவையார் முன்னிலையில் குளத்தில் துழாவிய சுந்தரருக்குப் பொன் உடனே கிடைத்துவிடவில்லை என்கிறது புராணம். தாமதம் கதையின் பகுதி.

தாமதத்தின் நீளம் என்ன? நெய்வேலிப் படுகையின் ஆழ்நீரில் கரைந்துள்ள கார்பன்-14 அதைச் சொல்கிறது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. மழையோடு மண்ணில் இறங்கியபின் புதிதாகச் சேராமல் தேய்ந்துகொண்டே வரும். மேற்கே, நீர் இறங்கும் மேட்டில், நீர் இளமையானது. கிழக்கே கடலை நோக்கிப் போகப் போக வயது ஏறுகிறது. 1998இல் ஐதராபாத் நிறுவனத்தின் சுகீஜாவும் உடன் பணியாற்றியவர்களும் தென்னிந்திய ஆழ்நீரை வைத்துக் கடந்த 30,000 ஆண்டுப் பருவநிலையைப் படித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெய்வேலி நீர் அதில் ஏடாகப் பயன்பட்டது. ஆக்ஸிஜனின் கனத்த வகையும் இலேசான வகையும் அந்த நீரில் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது அது பெய்தபோது இருந்த மழைக்காலத்தின் சாயலைக் காட்டும். பனியுகத்தில் இந்த நிலத்தில் பெய்த மழை, கடலோரத்தில் ஒருவர் போர் மோட்டாரின் சுவிட்சைப் போடும்போது, பைப்பில் வந்து விழுகிறது.

கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் காலடியில் இருப்பதும் இதே மாதிரி அமைப்பு என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அரேபியாவின் மேற்கே கடும்பாறை மேடு. அதிலிருந்து மணற்கல்லும் சுண்ணாம்புக் கல்லும் அடுக்கடுக்காகக் கிழக்கே சாய்ந்து வளைகுடாக் கடலுக்கு அடியில் போகின்றன. தம்மாம் என்ற ஊரின் பெயரையே ஒரு பாறை அடுக்கு தாங்குகிறது. அந்த அடுக்கின் நீர் பஹ்ரைன் கரைக்கு அருகே கடலுக்கு உள்ளேயே நன்னீர் ஊற்றாகப் பொங்கியது. முத்துக்குளிப்பவர்கள் உப்புக் கடலில் மூழ்கித் தோல்பைகளில் குடிநீர் பிடித்து வந்தார்கள். அந்த நீர் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, அரேபியா பசுமையாக இருந்த காலத்தில் பெய்தது. பிறகு மழை நின்றுபோனது. 20ஆம் நூற்றாண்டில் ஆழ்குழாய்கள் பெருகியதும் பஹ்ரைனின் ஊற்றுகள் நலிந்தன. சவூதி அரேபியா 1980களில் இத்தகைய தொன்மையான நீரை இறைத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்து ஏற்றுமதியே செய்தது. நீர் தீர்வதைக் கண்டு 2008இல் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்து, 2016இல் நிறுத்தியது.

அவர்களுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுடைய நீரின் வாயில் இப்போது பெய்ய மழை இல்லை. நம்முடைய வாயில் ஒவ்வோர் ஐப்பசியும் பெய்கிறது. அதனால்தான் எனக்கு இந்தச் செம்மண் மேட்டின் மீது இவ்வளவு அக்கறை.

நெய்வேலியில் இறைத்த நீர் என்ன ஆகிறது என்பதையும் பின்தொடர வேண்டும். ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்குப் போகிறது. குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் வெள்ளை ஆவியில் பல ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் நடந்த நீரும் இருக்கிறது. ஒரு பகுதி நகரியத்துக் குழாய்களுக்கு. ஒரு பகுதி பரவனாற்றில் விழுந்து வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயல்களை நனைத்துவிட்டுக் கடலூர் முதுநகர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. இன்னொரு பகுதி சென்னைக்கு. புதிய வீராணம் திட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. 235 கிலோமீட்டர் குழாய், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். வீராணம் ஏரி நீர் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, காடாம்புலியூர் மேட்டுக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து தன் எடையாலேயே போரூர் வரை ஓடுகிறது. வீராணம் வறண்ட ஆண்டுகளில் அதே குழாயை நெய்வேலிச் சுரங்க நீரும் பரவனாற்றுப் பக்கத்து ஆழ்குழாய் நீரும் நிரப்பியிருக்கின்றன. 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களில் சிலருக்குக் கிடைத்தது, நாம் பின்தொடர்ந்து வந்த இந்த நீர்.

இறைக்கும் இடத்தைப் பற்றி இங்கே நிறையப் பேசப்பட்டுவிட்டது, பேச வேண்டியதும்தான். ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய நீர் இன்று நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே போய்விட்டது என்று சுற்றுவட்டார விவசாயிகள் சொல்கிறார்கள். பழைய தரைக் கிணறுகள் வறண்டு கிடக்கின்றன. சுரங்கத்துக்கு வீடும் நிலமும் கொடுத்துவிட்டுக் குடிபெயர்ந்தவர்களின் வாழ்க்கையைக் கண்மணி குணசேகரன் ‘வந்தாரங்குடி’யில் நாவலாக்கினார். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காகக் கதிர் பிடிக்கும் நெல்வயலில் எந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சுரங்கத்தின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ள முடியாது என்பதும் என் எண்ணம். கடலோர ஆலைகளும், கரும்புக்கும் நெல்லுக்கும் ஆழ்குழாய் போட்ட ஆயிரக்கணக்கான வயல்களும் அதே அடுக்கிலிருந்துதான் இழுக்கின்றன. கரையோரத்தில் நன்னீர் அழுத்தம் குறையும் அளவுக்கு உப்புநீர் உள்ளே முன்னேறும். அதற்கு யார் இறைத்தார்கள் என்பது ஒரு பொருட்டல்ல.

இறங்கும் இடத்தைப் பற்றிப் பேச்சு இல்லை. 2003இல் தமிழ்நாட்டின் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. களிமண் ஊரில் கட்டிய குழியும் மணற்கல் ஊரில் கட்டிய குழியும் அந்த விதிக்கு ஒன்றுதான். அதே 2003இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. இந்த மேட்டை இந்த மேடாகவே பார்த்து, இங்கே மழை இறங்குவதால் கிழக்கே இத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று சொல்லும் ஒரு வரி அந்தச் சட்டங்களில் இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கொல்லைகளின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. விழுந்த மரத்துக்கு நிவாரணம் தந்தார்கள். மரம் பிடித்து வைத்திருந்த மண்ணுக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. முந்திரிக்கு அடியில் உதிர்ந்து மக்கும் இலை, மழையின் அடியை வாங்கி, மண்ணின் துளை அடையாமல் காக்கிறது. இலை போனால் மழைத்துளியே மேல்மண்ணைக் குழைத்து ஒரு பொருக்காக்கிவிடும். பிறகு நீர் இறங்காமல் ஓடும். செம்மண்ணை லாரி லாரியாக வெட்டி வீட்டுமனைக்கு நிரப்பும் வேலையும் இந்தப் பகுதியில் நடக்கிறது. வெட்டிய பள்ளத்தில் வெறும் மழைநீர் நின்றால் அது குளமாகவே பயன்படும். ஊர்க் குப்பையும் கழிவும் வந்து விழுந்தால் அவையும் அதே வழியாக இறங்கும். மேலே களி மூடி இல்லாத இடம் இது. இங்கே போட்டது வடிகட்டப்படாமல் நேராக உள்ளே போகும், வெளியே வரப் பல தலைமுறை ஆகும், வந்தபின் கழுவ வழியே கிடையாது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. மணற்கல் தரைக்கு வரும் எல்லையைப் புவியியல் வரைபடத்திலிருந்து எடுத்து, ஊராட்சி வாரியாகச் சர்வே எண்ணோடு அறிவிக்கலாம். அந்த எல்லைக்குள் குப்பைக் கிடங்குக்கும் கழிவு விடும் ஆலைக்கும் அனுமதி மறுக்கலாம். கைவிட்ட செம்மண் பள்ளங்களை ஓடையோடு இணைத்து, வண்டல் வடிந்தபின் நீர் சேரும்படி செய்யலாம். முந்திரியைப் பிடுங்காமல் வைத்திருக்கும் விவசாயிக்கு, அவர் கொல்லையில் இறங்கும் நீருக்காக, கிழக்கே இறைப்பவர்கள் ஒரு தொகை தரலாம். சுரங்க நிறுவனமும் சென்னைக் குடிநீர் வாரியமும் கடலோர ஆலைகளும் அந்த நீரின் வாடிக்கையாளர்கள். தண்ணீரை எடுக்கும் ஒவ்வொரு பம்புக்கும் மீட்டர் இருக்கிறதோ இல்லையோ, மேட்டிலிருக்கும் முந்திரிக் கொல்லைக்காரருக்கு இதுவரை ஒரு காசு வந்ததில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எழுதி வைக்க விருத்தாசலம் ஒன்றியத்து ஊராட்சிகளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.